ஊதி வரையும் பாதாம் மரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நமக்குத் தைப்பூசம் வருகிற சமயத்தில், பெரும்பாலும் அதே பௌர்ணமியை ஒட்டி, யூதர்களுக்கு ஒரு பண்டிகை வருகிறது. பெயர் தூ பிஷ்வாத். எபிரேய நாட்காட்டியில் ஷ்வாத் மாதம் 15ஆம் நாள். மரங்களின் புத்தாண்டு. அந்த நாளுக்காகப் பிள்ளைகள் வரைகிற ஒரு படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிரஷ் வேண்டாம், நன்றாக வரையத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

இந்த நாள் முதலில் ஒரு கணக்கு நாளாகத்தான் இருந்தது. பழங்காலத்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. ஒரு வருஷத்துப் பழத்தை அடுத்த வருஷக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படியானால் மரத்துக்கு வருஷம் எப்போது பிறக்கிறது? ஷ்வாத் மாதத்தின் முதல் நாள் என்றார்கள் ஷம்மாய் என்ற பழைய யூத குருவின் வழியினர். 15 என்றார்கள் ஹில்லேல் என்ற இன்னொரு குருவின் வழியினர். 15தான் நிலைத்தது. அதற்குள் குளிர்கால மழையில் பெரும்பகுதி பெய்து முடிந்துவிடும் என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்முத் காரணம் சொல்கிறது. 1890இல், இன்றைய இஸ்ரேலில் இருக்கும் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் ஸேவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர் தம் மாணவர்களை அழைத்துப்போய் இந்த நாளில் மரம் நட வைத்தார். இன்று இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கன்று நடும் நாள்.

அந்த நாட்டில் குளிர் விடுவதற்கு முன்பே பூத்துவிடும் மரம் பாதாம். நம் தெருவோரங்களில் அகன்ற இலையோடு நிற்குமே, இலை சிவந்து உதிருமே, அந்தப் பாதாம் மரம் இல்லை. அது வேறு இனம். கடையில் வாங்கும் பாதாம்பருப்பைத் தருகிற மரத்தைச் சொல்கிறேன். இலை துளிர்ப்பதற்கு முன்னாலேயே வெறும் கிளை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். நம் படத்துக்கு இதுதான் உயிர்.

சரி, வேலைக்கு வருவோம். தரையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். அதன்மேல் கெட்டியான டிராயிங் தாள். பழுப்பு போஸ்டர் கலரில் தண்ணீர் விட்டு, பால் போல ஓடும் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். தாளின் அடிப்பக்கம் ஒரு கரண்டி அளவு ஊற்றி, ஸ்ட்ராவைத் தாளுக்குப் படுக்கை வசமாகப் பிடித்து மேல்நோக்கி ஊதச் சொல்லுங்கள். நேர் மேலிருந்து ஊதினால் கலர் நாலா பக்கமும் சிதறும். சாய்த்து ஊதினால்தான் ஓடும். ஓடுகிற கலர் தானாகவே பிரிந்து கிளையாகும். தாளைத் திருப்பித் திருப்பி ஊதினால் கிளைக்குள் கிளை வரும். சின்னப் பிள்ளைகள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். அதனால் ஸ்ட்ராவின் நடுவில் ஊசியால் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள். உறிஞ்சினாலும் கலர் வாய்வரை ஏறாது.

கிளை கோணலாக வந்தால் பெரியவர்கள் பிரஷை எடுத்துச் சரிசெய்ய வேண்டாம். மரம் அப்படித்தான் வளரும். நன்றாகக் காயட்டும். ஈரத்தில் பூ வைத்தால் எல்லாம் பழுப்பாகிவிடும்.

அப்புறம் பூ. வெள்ளையில் ஒரு சொட்டு சிவப்பைக் கலந்தால் போதும். சுண்டுவிரலைத் தொட்டு, வட்டமாக ஐந்து புள்ளி. பாதாம் பூவுக்கு ஐந்து இதழ். நடுவில் பஞ்சுக்குச்சியால் அடர் சிவப்பில் ஒரு புள்ளி. பச்சையைக் கொடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். எல்லாப் பிள்ளைகளும் இலை போடக் கேட்பார்கள். "இந்த மரத்துக்கு இலை இன்னும் வரவில்லை, பூதான் முதலில்" என்று சொல்லிப் பாருங்கள். இலையே இல்லாத மரம் எப்படிப் பூக்கும் என்று அவர்கள் கேட்கிற கேள்வியில்தான் இந்தப் பண்டிகை அவர்களுக்குப் புரியத் தொடங்குகிறது. பச்சை வேண்டுமென்றே அடம்பிடித்தால் அடியில் புல் போடலாம். அங்கே மழை குளிர்காலத்தில்தான், ஆகவே தரை அப்போது பச்சையாகத்தான் இருக்கும். புல்லுக்கு நடுவே கட்டைவிரலால் சிவப்புப் பொட்டுகள் வைத்தால் அவை அனிமோன் பூக்கள். தெற்கே நெகேவ் பாலைவனத்தின் வடபகுதியில் அதே பருவத்தில் அவை விரிப்பாகப் பூக்கும்.

இந்த நாளை நம் நாட்டிலேயே கொண்டாடுகிற யூதர்கள் உண்டு. கொங்கண் கரையின் பெனே இஸ்ராயேல் மக்கள் அவலில் தேங்காய்த் துருவலும் இனிப்பும் ஏலக்காயும் சேர்த்து, சுற்றிலும் பழங்கள் அடுக்கி மலிதா செய்து, எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் படைப்பார்கள். அலிபாக் அருகே கண்டாலா என்ற சிற்றூரில் எலியாவின் தேர் இறங்கியதாக அவர்கள் நம்பிக்கை.

படம் காய்கிற நேரத்தில் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டு நீங்களும் ஒரு தட்டில் பேரீச்சை, அத்தி, திராட்சை, மாதுளை வையுங்கள். நான்கும் வேதாகமம் அந்த மண்ணின் விளைச்சலாகச் சொல்லும் ஏழில் அடக்கம். கூடவே நாலு பாதாம்பருப்பும் வையுங்கள். தாங்கள் வரைந்த மரத்தில் காய்ப்பது எது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

வணக்கம்.