இதற்கு மேல் உங்களுடையது இல்லை

(சட்டக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞர் என்றதும் உங்களில் பலருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பெரிய கம்பெனி, பெரிய ஃபீஸ், போலிச் சரக்கு வைத்திருக்கும் குடோனில் ரெய்டு. ரெய்டெல்லாம் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வாரம் தொடங்குவது ஒரு பிடிஎஃப் கோப்பில்.

திங்கட்கிழமைதோறும் டிரேட்மார்க் ஜர்னல் வெளியாகும். பதிவாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்ட பெயர்களும் சின்னங்களும் பக்கம் பக்கமாக அதில் இருக்கும். மசாலாத்தூள், பனியன், காப்பீடு, டியூஷன் சென்டர் என்று உலகத்துச் சரக்கையும் சேவையையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். என் கட்சிக்காரரின் பெயரோடு மோதுகிற பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபணை தாக்கல் செய்தாக வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு நியாயம் பேசினாலும் எடுபடாது.

இப்போது இதற்கு மென்பொருள் வந்துவிட்டது. அது எழுத்தைப் பார்க்கும். வாங்குகிறவரோ காதால் கேட்பவர். 'ழ' வருகிற ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'எல்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'இசட் எச்' போட்டு எழுதுவார். கடையில் போய்க் கேட்கும்போது இரண்டும் ஒரே பெயர்தான். மெஷின் இதைத் தவறவிடும். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஜூனியர்கள் பெயர்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாம் வகுப்பு மாதிரி இருக்கும்.

காதுக்கு இந்த இடத்தைக் கொடுத்தது உச்ச நீதிமன்றம். 'அமிர்ததாரா' என்று ஒரு மருந்து, 'லட்சுமண்தாரா' என்று இன்னொரு மருந்து. ஒன்று அமிர்தத்தின் தாரை, மற்றது லட்சுமணனின் தாரை, அர்த்தமே வேறு என்று வாதிட்டார்கள். சாதாரண நினைவாற்றல் கொண்ட கிராமத்து மனிதர் மருந்து வாங்கும்போது பெயரைப் பிரித்துப் பொருள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், மொத்த ஓசைதான் அவர் மனதில் நிற்கும் என்றது 1962 தீர்ப்பு. இன்றும் பெயர் வழக்குகளில் அதை எடுத்துக் காட்டுகிறோம்.

சரி, ஓசை ஒத்துப்போனாலே ஜெயித்துவிடலாமா? முடியாது. நூடுல்ஸ் வழக்கைப் பாருங்கள். ஐடிசி 'மேஜிக் மசாலா' என்று விற்றுக்கொண்டிருந்தது. நெஸ்லே 'மேஜிக்கல் மசாலா' என்று கொண்டுவந்தது. 2013-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2020-ல் தீர்ப்பு: மேஜிக் என்பது சரக்கைப் புகழ்கிற சொல், மசாலா என்பது எல்லாரும் புழங்குகிற சொல், இரண்டையும் சேர்த்து யாரும் தனக்கென்று வளைத்துப்போட முடியாது.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். நாங்கள் உரிமை வாங்கித் தருகிறவர்கள் என்று ஊர் நினைக்கிறது. அது பாதி வேலை. நிலத்துக்கு எல்லைக்கல் எங்கே நிற்கிறது, எங்கிருந்து புறம்போக்கு தொடங்குகிறது என்று அளந்து சொல்வது மீதிப் பாதி. அதுதான் கஷ்டம். ஏனென்றால், காசு கொடுத்து வருகிற கட்சிக்காரரிடமே, "ஐயா, இதற்கு மேல் உங்களுடையது இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரு ஐடியாவோடு வருவார்கள். ஐடியாவுக்கு மட்டும் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. நல்ல இயந்திரம் ஒன்றைச் செய்து, யூடியூபில் வீடியோ போட்டு, லைக்கெல்லாம் வாங்கிய பிறகு காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு வருவார்கள். நீங்களே ஊருக்குக் காட்டிவிட்ட பிறகு அது புதிது இல்லையே! முகம் வாடிப்போகும். வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

காப்புரிமையில் இந்த எல்லையை வார்த்தையால் போடுகிறோம். விண்ணப்பத்தின் கடைசியில் 'கிளெய்ம்' என்று ஒரு பகுதி வரும். எண் போட்ட வாக்கியங்கள். முதல் கிளெய்ம் சில சமயம் ஒரு பக்கம் நீளும், ஆனாலும் ஒரே வாக்கியம். அதில் சேர்க்கிற ஒவ்வொரு சொல்லும் உரிமையைக் குறுக்கும். சேர்க்காமல் அகலமாக விட்டால், "இது ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது" என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் பழைய ஆவணத்தை எடுத்துப் போடுவார்.

இதற்கு நம்மூரிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. பஜாஜ், டிவிஎஸ் மோதல். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்; சிலிண்டர் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர்; இரண்டு வால்வு; எரிபொருள் குறைவான கலவையைச் சீராக எரிக்க இரண்டு ஸ்பார்க் பிளக். இது பஜாஜின் கிளெய்ம். டிவிஎஸ் 2007-ல் 'ஃபிளேம்' என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். ஆனால் வால்வு மூன்று.

இப்போது சொல்லுங்கள், அந்த மூன்றாவது வால்வு டிவிஎஸ்ஸைக் காப்பாற்றுமா? கண்டுபிடிப்பின் உயிர் இரண்டு பிளக்கில் இருக்கிறது, கூட ஒரு வால்வு வைத்தால் மாறிவிடாது என்றது பஜாஜ். உங்கள் கிளெய்மிலேயே இரண்டு வால்வு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பிளக் ஹோண்டாவின் பழைய காப்புரிமையிலேயே இருக்கிறது என்றது டிவிஎஸ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒரே பிளக்குடன் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. விஷயம் டெல்லிக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி வழக்குகள் இடைக்காலத் தடையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன என்று வருத்தப்பட்டு, தினசரி விசாரணை நடத்தி முடிக்கச் சொன்னது. கடைசியில் 2019-ல் இரண்டு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன.

காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டு. அதில் 12 ஆண்டைக் கோர்ட் தின்றுவிட்டது. அப்போதிருந்த மோட்டார் சைக்கிள் சந்தை வேறு, முடிந்தபோது இருந்த சந்தை வேறு. ஆகவே கட்சிக்காரர் "ஜெயிப்போமா மேடம்?" என்று கேட்டால், ஜெயிக்கும்போது அது உங்களுக்குத் தேவைப்படுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்களுக்குப் பிடிக்காத கேள்வி.

அடுத்தது மருந்து. நோவார்ட்டிஸின் 'கிளிவெக்', ரத்தப் புற்றுநோய்க்கானது. அந்த மூலக்கூறின் ஒரு படிக வடிவத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998-ல் விண்ணப்பம் போட்டார்கள். அன்று இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். நீதிபதி ராஜகோபால அய்யங்கார் காப்புரிமைச் சட்டம் பற்றி 1959-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்த ஏற்பாடு அது. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்குண்டு என்பது என் கருத்து. நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் சட்டம் படித்தவர்களே யார் என்று கேட்கிறார்கள், அது வேறு விஷயம்.

2005-ல் சட்டம் மாறி, பொருளுக்கும் காப்புரிமை வந்தது. கூடவே 3(டி) என்ற பிரிவையும் கடுமையாக்கினார்கள். தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், குணப்படுத்தும் திறன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது கண்டுபிடிப்பே அல்ல. புற்றுநோயாளிகள் அமைப்பு ஒன்றும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் நிராகரித்தது. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அப்போது நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் செய்து விற்ற ஜெனரிக், அதில் பத்தில் ஒரு பங்களவுக்குள். ஒரு படிக வடிவத்தைப் பற்றிய வாதத்தில் தொங்கியது இந்த வித்தியாசம்தான்.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கல்லூரிகளில் கேட்பார்கள். இரண்டு பக்கமும் வாதிடுவோம். இன்று காப்புரிமை கேட்பவருக்கு, அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் எதிர்ப்பவருக்கு. ஒரே விஷயத்தில் இருவருக்கும் ஆஜராகக் கூடாது, அவ்வளவுதான். மனசாட்சி உறுத்தாதா என்றால், ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவருக்கு 20 ஆண்டு கொடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இருபதை நாற்பதாக்கப் பார்க்கிற விண்ணப்பங்களில்தான் எனக்குப் பொறுமை குறைவு.

பதிப்புரிமையில் (காப்பிரைட்) நம் மாநிலம் ஒரு தனி வழி கண்டது. சாதாரணமாக எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு கழித்துத்தான் உரிமை முடியும். பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949-லேயே சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டு, பின்னர் பொதுவில் விட்டது. நாட்டுடைமை என்கிறோமே, அதன் தொடக்கம் அது. வாரிசுகளுக்கு ஒரு தொகை, மக்களுக்கு நூல்கள். தொகை போதுமா என்பது பழைய சண்டை. ஆனால் உரிமையை விலை கொடுத்து வாங்கித் திறந்துவிடுவது என்ற யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த சரக்குக்குக் கொடுக்கிற புவிசார் குறியீட்டுக்கு நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னைக் கிண்டியில்தான் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலைக்கும் அங்கேதான் பதிவு, மதுரை மல்லிக்கும் அங்கேதான். சான்றிதழ் வாங்கும் அன்று மாலை மரியாதையெல்லாம் நடக்கும். ஆனால் உற்பத்தி செய்பவர்கள் ஒவ்வொருவராக 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பின்னால் யாரும் போய்ச் சொல்வதில்லை. நெசவாளர் வீட்டுக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில் பெரிய ஃபீஸ் வராது. உங்களில் சிலராவது அதைச் செய்யுங்கள்.

கடைசியாக, வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். டிரேட்மார்க், பதிப்புரிமை வழக்குகளுக்கு உங்கள் சட்டப் பட்டம் போதும். காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் நடத்த வேண்டுமென்றால் காப்புரிமை முகவர் தேர்வு எழுத வேண்டும். அதற்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். பி.எஸ்சி முடித்துவிட்டுச் சட்டம் படிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். பரவாயில்லையே, நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளிலிருந்தே ஆரம்பிப்போம்.