இரண்டாம் அடி முந்தி விழும் இசை

நேயர்களுக்கு வணக்கம். வியன்னா வால்ட்ஸ் என்றதும் பலருக்கு ஜனவரி முதல் தேதி தொலைக்காட்சியில் வரும் வியன்னா புத்தாண்டுக் கச்சேரியின் பொன்னிற மண்டபமும் பூ அலங்காரமும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதற்கு முந்தைய, கரகரப்பான ஒலித்தட்டுகளைப் பற்றி.

வால்ட்ஸ் மூன்றடித் தாளத்தில் அமைந்த நடன இசை. நம் கணக்கில் தகிட, தகிட. இசைத்தாளில் மூன்று அடியும் சம இடைவெளியில்தான் எழுதியிருக்கும். வியன்னாக்காரர்கள் அப்படி வாசிப்பதில்லை. இரண்டாம் அடியைச் சற்று முந்திப் போட்டுவிட்டு, மூன்றாவதற்கு முன் ஒரு மூச்சு விடுவார்கள். எவ்வளவு முந்துவது என்பது தாளில் இருக்காது. ஒரே வால்ட்ஸுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளப் பழைய பதிவுகளைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அந்தப் பதிவுகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் தட்டில், பெரிய 12 அங்குல அளவிலும், ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம், மிஞ்சினால் நாலரை. இரண்டடித் தாள நடன இசையான போல்காவுக்கு அது தாராளம். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். யோஹான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' மாதிரி ஒரு வால்ட்ஸுக்கோ பத்து நிமிடம் வேண்டும்: முன்னுரை, ஐந்து குட்டி வால்ட்ஸ்கள், கடைசியில் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கும் முத்தாய்ப்பு. அதை இரண்டு பக்கங்களில் அடக்கத் திரும்பி வரும் பகுதிகளை வெட்டினார்கள். அதனால், 'அந்தக் காலத்தில் சுருக்கமாகத்தான் வாசித்தார்கள்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

1925க்கு முன்னால் இன்னும் சிரமம். மைக் கிடையாது. ஒரு கூம்புக்கு முன் இசைக்குழுவே நெருக்கியடித்து நிற்கும். தாழ்ந்த சுரங்கள் தட்டில் ஏறாததால் தந்தி பாஸுக்குப் பதில் டியூபாவை ஊதவிட்டார்கள். தாளத்தைத் தாங்கும் அந்த முதல் அடியே ஊதுகுழலாக மாறிவிட்டால் வால்ட்ஸ் எப்படி மிதக்கும்?

எனக்குப் பிடித்தது நடத்துநர் புரூனோ வால்டர் 1937இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பதிவு செய்த ஸ்ட்ராஸின் 'சக்கரவர்த்தி வால்ட்ஸ்'. அடக்கமான அணிவகுப்பு நடையில் தொடங்கும். அப்புறம் செல்லோ தனியாக வழிகாட்ட, வால்ட்ஸ் மெல்ல உள்ளே வரும். வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிப் போவது அன்றைய வழக்கம். இன்று அவ்வளவு சறுக்கினால் இசைக்குழுவில் முறைப்பார்கள்.

அடுத்த மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். யூதரான வால்டருக்கு அங்கே இடமில்லை. இசைக்குழுவின் யூதக் கலைஞர்களும் வெளியேற்றப்பட்டார்கள். இன்றைய புத்தாண்டுக் கச்சேரியின் தொடக்கமும் அந்த ஆட்சியில்தான்: 1939 டிசம்பர் 31, நடத்தியவர் கிளெமென்ஸ் கிராஸ். இதில் ஒரு கூத்து உண்டு. யோஹான் ஸ்ட்ராஸின் கொள்ளுத்தாத்தா யூதராகப் பிறந்தவர். அது தெரிந்துபோகக் கூடாதென்று தேவாலயத் திருமணப் பதிவேட்டையே நாஜிகள் திருத்தினார்கள்.

போருக்குப் பின் 1950களின் தொடக்கத்தில் அதே கிராஸ் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த நீள்தட்டுகளில் பக்கம் திருப்பும் அவசரம் இல்லை. அவர் கையில் போல்காகூட மூச்சிரைப்பதில்லை. 1954இல் அவர் இறந்ததும் புத்தாண்டுக் கச்சேரியை நடத்த வயலினும் கையுமாக வந்தவர் வில்லி போஸ்கோவ்ஸ்கி. 1979 வரை அவர்தான்.

கேட்கும்போது ஒன்று செய்யுங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே இரண்டாம் வயலின்களும் வியோலாக்களும் இரண்டாவது, மூன்றாவது அடிகளை மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து கையைத் தட்டிப் பாருங்கள். உங்கள் கைத்தட்டு பின்தங்கிப் போகிறதா என்று கவனியுங்கள். வணக்கம்.