ஏரிக்கரைப் புல்லுல தீப்பிடிக்காம இருக்க, மொத்தமா வழிச்சு எடுக்கணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மாதவரத்துல இருந்து. குடியிருப்போர் சங்கத்துல பொறுப்புல இருக்கிற ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். "எங்க மதிலுக்குப் பின்னாடி 100 அடிக்குப் புறம்போக்கு, அதைத் தாண்டினா ஏரி. புல்லு, சம்பு, சீமைக் கருவேலம் எல்லாம் மண்டிக் கிடக்கு. கோடையில யாராவது குப்பையைக் கொளுத்திட்டுப் போயிடறாங்க, தீ மதில் வரைக்கும் வந்துடுது. ஜேசிபி விட்டு வழிச்சுடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. அங்க பறவை, கீரி, உடும்பு எல்லாம் இருக்கு, வேண்டாம்னு நாங்க சில பேர் சொல்றோம். எது சரி?"

ஜேசிபி வேண்டாம்கா. பறவைக்காக மட்டும் சொல்லலை, தீக்காகவும்தான் சொல்றேன். மண்ணைச் சுரண்டி எடுத்தா முதல்ல போறது அருகம்புல்லும் கோரையும். அந்த வெறும் மண்ணுல அடுத்த மழைக்கு எது முளைக்கும்? மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கிற சீமைக் கருவேல விதையும், பார்த்தீனியமும்தான். அதாவது குட்டையான புல்லை எடுத்துட்டு, ஆள் உயரத்துக்குக் காஞ்சு நிக்கிற புதரை நாமளே கொண்டு வந்து வைக்கிறோம். கரை மண்ணும் மழையில கரைஞ்சு ஏரிக்குள்ள போயிடும். களைக்கொல்லியும் அதே மாதிரிதான். மருந்து அடிச்ச புல்லு நின்ன இடத்துலயே காஞ்சு, அதுவே எரியறதுக்குத் தயாரா நிக்கும். மிச்ச மருந்து தண்ணிக்குப் போகும்.

தீ பரவணும்னா எரியற பொருள் விட்டுப்போகாம தொடர்ந்து இருக்கணும். புல்லுல இருந்து புதருக்கு, புதர்ல இருந்து கிளைக்கு, கிளையில இருந்து உங்க மதில் மேல கிடக்கிற சருகுக்கு. இந்தத் தொடர்ச்சியை நாலஞ்சு இடத்துல அறுத்துட்டா போதும், 100 அடியையும் மொட்டை அடிக்க வேண்டியதில்லை.

மதில்ல இருந்து முதல் 5 அடி சுத்தமா இருக்கணும். சருகு, அட்டைப்பெட்டி, உடைஞ்ச நாற்காலி, எதுவும் கூடாது. அங்க மட்டும் வெறும் மண்ணோ ஜல்லியோ போட்டுக்கலாம். அதுக்கு அப்புறம் 30 அடி வரைக்கும் புல்லை 4 அங்குலத்துக்கு வெட்டுங்க. வேரோட எடுக்காதீங்க. 4 அங்குலம் விட்டா வேர்ல ஈரம் நிக்கும், மண்ணு மூடியே இருக்கும். அதுல தீ வந்தாலும் கணுக்கால் உயரத்துக்குத்தான் எரியும், ஈரச் சாக்கால அடிச்சே அணைச்சுடலாம்.

30 அடியைத் தாண்டினா, திட்டுத் திட்டா விடுங்க. 15, 20 அடி அகலத்துக்கு ஒரு புல் திட்டு, நடுவுல 10 அடி வெட்டின பாதை, மறுபடி ஒரு திட்டு. அந்தத் திட்டுலதான் சில்லைக் குருவி விதை பொறுக்கும், கீரி பதுங்கும். அடுத்த வருஷம் விட்ட திட்டை வெட்டிட்டு, வெட்டினதை விடுங்க. ஏரியை ஒட்டி உப்புத்தன்மை இருந்து உமரிச் செடி வளர்ந்திருந்தா அதைத் தொடவே வேண்டாம். எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் நிறைய இருக்குமே, அந்தச் செடிதான். இலை முழுக்கத் தண்ணி, லேசுல எரியாது.

எப்போ வெட்டறதுங்கிறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஏப்ரல் கடைசியில, கத்திரி வெயில் தொடங்கப் போகுதுன்னு பயந்துபோய் ஆள் கூப்பிடுவாங்க. அப்போ புல்லு முழுசாக் காஞ்சிருக்கும், மெஷின் பொறியே தீயாயிடும். ஆள்காட்டிக் குருவி தரையில முட்டை வச்சிருக்கிற சமயமும் அதுதான். வடகிழக்கு மழை முடிஞ்சு, புல்லு விதையைக் கொட்டினப்புறம், ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரிக்குள்ள முடிச்சுடுங்க.

அந்தக் குருவியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கூடுன்னு பெருசா எதுவும் கட்டாது. மண்ணுல ஒரு சின்னக் குழி, சுத்தி நாலு கல்லு, அதுல பெரும்பாலும் நாலு முட்டை. பழுப்பு நிறம், மேல கறுப்புத் திட்டு, கூரான முனை உள்பக்கமா. ஒரு அடி தூரத்துல நின்னாலும் கல்லுன்னுதான் நினைப்பீங்க. முட்டையைக் காட்டிக் கொடுக்கிறது அதோட கத்தல்தான். நீங்க ஒரு இடத்தை நெருங்க நெருங்கத் தலைக்கு மேல வட்டம் போட்டுக் கத்தினா, அப்படியே நின்னு காலடியைப் பாருங்க. சுத்தி 15 அடி தள்ளி நாலு குச்சி நட்டு, அந்த வட்டத்தை விட்டுட்டு வெட்டுங்க. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். பொரிச்ச கொஞ்ச நேரத்துலயே குஞ்சு நடந்து போயிடும், அப்புறம் அந்த வட்டத்தையும் வெட்டிக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப் பறவையோட முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்தறது வேட்டையாடறதுக்குள்ளேயே வருது. உடும்புக்கும் அந்தச் சட்டத்துல பாதுகாப்பு உண்டு. சங்கத்துல இதை எடுத்துச் சொல்லுங்க.

வெட்டற திசையும் முக்கியம். மதில் பக்கம் ஆரம்பிச்சு ஏரியைப் பார்த்துப் போங்க. ஏரிப் பக்கம் ஆரம்பிச்சா சாரையும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உங்க வீட்டுப் பக்கம்தான் வரும். சுத்தி வட்டமா வெட்டிக்கிட்டே நடுவுக்குப் போனா இன்னும் மோசம், உள்ள இருக்கிறது அத்தனையும் மாட்டிக்கும். ஜேசிபி கேக்கிறவங்ககிட்ட பறவையைப் பத்திப் பேசறதை விட இந்தப் பாம்பு விஷயத்தைப் பேசுங்க, கேப்பாங்க.

சீமைக் கருவேலம் எடுக்க வேண்டியதுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா எப்படி எடுக்கிறீங்கன்னு இருக்கு. தரைக்கு மேல வெட்டினா, சில வாரத்துலயே அடிக்கட்டையில இருந்து பத்துப் பதினைஞ்சு துளிர் வரும். முன்னாடி ஒரு மரமா நின்னது, இப்போ தரையை ஒட்டின முள்ளுப் புதரா நிக்கும். புல்லுத் தீயைக் கிளைக்கு ஏத்திவிடற ஏணி அதுதான். அடிக்கட்டையைச் சுத்தித் தோண்டி, தரைக்கு ஒரு அடி கீழ, துளிர் விடற பாகம் முழுக்க வெளிய வர்ற மாதிரி எடுக்கணும். ஒரே வருஷத்துல எல்லாத்தையும் எடுக்காதீங்க. மதிலுக்குப் பக்கத்துல இருக்கிற மூணுல ஒரு பங்கை முதல்ல எடுங்க. மரத்தடியில வெள்ளை வெள்ளையா எச்சம் கொட்டியிருந்தா மேல கொக்கோ வக்காவோ கூடு வச்சிருக்கலாம். குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்த மரத்தை விட்டுடுங்க. எடுக்காம விடற மரத்துக்குக் கீழ்க்கிளையை 6 அடி உயரத்துக்குக் கழிச்சுவிட்டா, இந்தக் கோடைக்குத் தாங்கும்.

கழிச்ச முள்ளு! பாதித் தீ அதுலதான் வருது. விறகை எடுத்துக்கிட்டு முள்ளைக் கரையோரம் குவிச்சுட்டுப் போயிடுவாங்க. ஒரு வாரத்துல காஞ்சு, ஒரு பீடித் துண்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். முள்ளை அள்ளிக்கிட்டுப் போற வரைக்கும் முழுக் கூலியையும் கொடுக்காதீங்க.

எடுத்த இடத்தைக் காலியா விட்டா கருவேலமே திரும்பி வரும். ஆகஸ்ட், செப்டம்பர்ல குழி எடுத்து, மழைக்கு முன்னாடி புங்கன், பூவரசு, நாவல், நீர்மருது வைங்க. ஏரிப் பக்கச் சரிவுல வெட்டிவேர். வெளிச் சரிவுல பனங்கொட்டை ஊனலாம். இருக்கிற பனையை வெட்டாதீங்க, அதுக்கு ஆட்சியர் அனுமதி வேணும்னு 2021லயே அரசு சொல்லியாச்சு. தொங்கற காஞ்ச மட்டையை மட்டும் கழிச்சுடுங்க, அதுலயும் தூக்கணாங்குருவிக் கூடு இருக்கான்னு பார்த்துட்டு. மாதவரம் பக்கம் மாடு, ஆடு வச்சிருக்கிறவங்க இருப்பாங்க. ஜனவரியில இருந்து மேய விட்டா பாதி வேலை முடிஞ்சிடும். கருவேலக் காய் பழுத்து விழறப்போ மட்டும் விடாதீங்க. காயைத் தின்னுட்டுச் சாணத்துல விதையை ஊர் முழுக்கப் போடும்.

சம்புக்கு வர்றேன். தண்ணிக்குள்ள நின்னாலும் மேல காஞ்ச தோகை எரியும். எரிஞ்சா ஒழிஞ்சதுன்னு நினைக்காதீங்க, கிழங்கு சேத்துக்குள்ள இருக்கு, திரும்பத் துளிர்க்கும். இந்தக் கோடைக்கு, கரைக்கும் சம்புக்கும் நடுவுல 10 அடிச் சந்து ஒண்ணு வெட்டுங்க. வெட்டறதுக்கு முன்னாடி விடியக்காலை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. நீலத் தாழைக்கோழி தோகையை இழுத்துக்கிட்டு உள்ள போச்சுன்னா கூடு கட்டுதுன்னு அர்த்தம், அந்தப் பக்கம் வேண்டாம். சம்பைக் குறைக்கணும்னா செப்டம்பர் கடைசியில தரையோட ஒட்ட வெட்டுங்க. மழைத் தண்ணி அந்தக் கட்டைக்கு மேல ஏறினா கிழங்குக்குக் காத்து போகாது, அழுகிடும்.

காத்தையும் கணக்குல வைங்க. மே மாசம் காலையில மேற்கில இருந்து வறண்ட காத்து, மதியத்துக்கு மேல கடல் காத்து. காலையில கிழக்கே போன தீ மதியம் மேற்கே திரும்பும். அதனால ஒரு பக்கம் மட்டும் வெட்டினா போதாது. குப்பை எரிக்கிறவங்களையும், செம்புக்காக ஒயர் கொளுத்தறவங்களையும் நிறுத்தாம இவ்வளவும் செஞ்சா பாதிப் பலன்தான். தீ இடுப்பு உயரம் வந்துட்டா சாக்கைக் கீழ போட்டுட்டு 101க்கு அடிங்க. சம்புக்குள்ள யாரும் இறங்கக் கூடாது.

இடம் உங்களோடது இல்லைங்கிறதால முதல்ல நீர்வளத்துறைக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் கடிதம் கொடுங்க. எந்தத் திட்டை விடறீங்க, எதை வெட்டறீங்கன்னு ஒரு வரைபடம் சேர்த்துக் கொடுங்க. வெட்டற அன்னைக்குக் காலை 6 மணிக்கு ஆரம்பிச்சு 10 மணிக்குள்ள மெஷினை நிறுத்திடுங்க. கல்லு இருக்கிற இடத்துல இரும்பு பிளேடு வேண்டாம், நைலான் கயிறு போடச் சொல்லுங்க. பெட்ரோல் ஊத்தறது வெறும் மண்ணுல, மெஷின் ஆறினப்புறம். பக்கத்துல ரெண்டு வாளி மணலும், முதுகுல மாட்டற 16 லிட்டர் தெளிப்பான் நிறைய நல்ல தண்ணியும் இருக்கட்டும். மருந்து அடிச்ச தெளிப்பானைக் கொண்டு வந்துடப் போறாங்க, அதைப் பார்த்துக்கோங்க.