போனை வைக்கும் முன் இத்தாலியர்கள் சொல்லும் அந்தச் சின்ன வார்த்தைகள்

[திரை: ஓடும் ரயில். ஜன்னலோரம் ஒரு பெண் போனில் பேசுகிறார். அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.]

பெண் குரல்: ‘வபே... தாய்... அல்லோரா நியென்த்தே... ச்சி சென்த்தியாமோ. ச்சாவ், ச்சாவ், ச்சாவ்!’

[திரை: அந்த வாக்கியம் எழுத்தாக வருகிறது.]

இத்தாலியில் ரயிலிலோ பஸ்ஸிலோ பக்கத்து சீட்டுக்காரர் போன் பேசினால், முடிக்கும்போது ஏறக்குறைய இப்படித்தான் முடிப்பார். அகராதியை வைத்துக்கொண்டு இதற்கு அர்த்தம் தேடினால் ‘சரி, கொடு, அப்போது, ஒன்றுமில்லை’ என்று வரும். தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட வீண் இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘வபே’ என்பது ‘வா பேனே’ தேய்ந்து வந்தது. பேசிய விஷயம் இத்தோடு சரி என்று அர்த்தம். அடுத்து ‘தாய்’. தர்மத்தில் வரும் ‘த’ போலச் சொல்ல வேண்டும். ‘கொடு’ என்ற வினையிலிருந்து வந்தாலும், இங்கே யாரும் எதையும் கொடுக்கச் சொல்லவில்லை. ‘விடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்கிற இதமான தட்டிக்கொடுப்பு அது. ‘அல்லோரா’ வந்தால் பேச்சு முடிவை நோக்கித் திரும்பப் போகிறது. ‘நியென்த்தே’, என்னிடம் புதிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. ‘ச்சி சென்த்தியாமோ’, அப்புறம் பேசுவோம். எப்போது என்று சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. கடைசியில் ‘ச்சாவ்’, போய் வருகிறேன்.

இந்த ஒவ்வொரு படியிலும் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு இடைவெளி கிடைக்கிறது. ‘ஆமாம், இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேனே’ என்று அவர் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். பட்டென்று போனை வைத்து யார் மனதையும் நோகடிக்காமல் இருக்க ஒரு மொழி செய்துகொண்ட ஏற்பாடு இது. எனக்கு இத்தாலியனில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

[திரை: இத்தாலி வரைபடம். மிலான், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் ஒளிர்கின்றன.]

மொழியியலாளர்கள் இவற்றை ‘செஞ்ஞாலி திஸ்கோர்சீவி’ என்கிறார்கள். பேச்சின் சைகைகள் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதும் மொழியை மட்டும் ஆராய்ந்தால் இவை கண்ணிலேயே படாது. மொழியியலாளர் துல்லியோ தே மௌரோவும் அவருடைய குழுவும் இந்த நான்கு நகரங்களில் மக்கள் பேசியதைப் பதிவு செய்து, 1993இல் சுமார் 5 லட்சம் சொற்கள் கொண்ட பேச்சுத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் தொலைபேசி உரையாடல்களும் உண்டு. அதே பத்தாண்டில் கார்லா பட்சானெல்லா என்ற மொழியியலாளர் இந்தச் சொற்களை இரண்டு பக்கமாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கம், எதிரில் இருப்பவரோடு உறவாடும் வேலை. மறுபக்கம், பேச்சை ஆரம்பிக்க, திருப்ப, திருத்த, முடிக்கச் செய்யும் வேலை. ஒரே சொல் இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் செய்வது சர்வசாதாரணம்.

இனி, எதையும் திட்டமாகச் சொல்லாத வார்த்தைகள்.

[திரை: இரும்புச் சாமான் கடை. வாடிக்கையாளர் விரலை வளைத்துக் காட்டுகிறார்.]

வாடிக்கையாளர்: ‘சென்த்தா, மி செர்விரெப்பே உன் கோசோ... தீப்போ உன் கான்ச்சோ... பெர் லா தெந்தா, நோ?’

கடைக்காரர்: ‘ஆ, ஓ கப்பீத்தோ.’ புரிந்துவிட்டது!

திரைச்சீலை மாட்ட ஒரு கொக்கி வேண்டும். அதன் சரியான பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ‘கோசோ’, அதாவது அந்த இது. ‘தீப்போ’ என்றால் ‘மாதிரி’; ‘தீப்போ உன் கான்ச்சோ’, ஒரு கொக்கி மாதிரி. கடைசியில் வரும் ‘நோ?’ மறுப்பு இல்லை, ‘புரிகிறதுதானே?’ என்ற கேள்வி. பெயர் இல்லாமலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. கடைக்காரருக்குத் தெரிந்த விஷயத்தை நம்பி, மீதியை அவரிடமே விட்டுவிட்டார் வாடிக்கையாளர். இந்த மொழியில் ‘கோசாரே’ என்று ஒரு வினைச்சொல்கூட உண்டு. என்ன வினை என்று வாயில் வராதபோது அதைப் போட்டுக்கொள்ளலாம்.

எண்களிலும் இப்படி ஒரு வழி இருக்கிறது. ‘வென்த்தி’ என்றால் 20. ‘வென்த்தீனா’ என்றால் ஏறக்குறைய இருபது. பத்துக்கு ‘தெச்சீனா’, முப்பதுக்கு ‘த்ரென்த்தீனா’. பதினைந்துக்கும் உண்டு, ‘குயின்திச்சீனா’. ஆனால் பதினேழுக்குக் கிடையாது. ‘ஏறக்குறைய பதினேழு’ என்று யார் சொல்வார்கள்?

[திரை: ‘மகாரி’ என்ற ஒரே சொல், இரண்டு குரல்களில்.]

புதிதாகப் போகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது ‘மகாரி’. பேறு பெற்றவன் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘லாட்டரி விழுந்ததா?’ என்று கேட்டால், ‘மகாரி!’ என்று ஏக்கத்தோடு இழுப்பார்கள். விழுந்தால் நன்றாகத்தான் இருக்கும்! அதுவே ‘மகாரி தொமானி’ என்றால் ‘பார்க்கலாம், நாளைக்கு வேண்டுமானால்’. இதை வாக்குறுதி என்று எண்ணி மறுநாள் காத்திருக்காதீர்கள்.

அர்த்தமற்ற பழக்கம் என்று இந்தச் சொற்களைத் திட்டுகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1970களில் இளைஞர்கள் வாய்க்கு வாய் ‘ச்சொயே’, அதாவது ‘அதாவது’, சொன்னதைப் பெரியவர்கள் கேலி செய்தார்கள். 1980இல் வந்த பதின்வயதினர் இதழுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இப்போது திட்டு வாங்குவது ‘தீப்போ’. எல்லை மீறினால் எந்தச் சொல்லும் சலிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றை முழுக்கத் துடைத்துவிட்டுப் பேசினால், செய்தி வாசிப்பது போல ஆகிவிடும். பக்கத்தில் யாரும் நெருங்கி உட்கார மாட்டார்கள்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். கடையில் அந்த வாடிக்கையாளர் சொன்னது ‘சென்த்தா’, கேளுங்கள். நண்பனிடம் என்றால் ‘சென்த்தி’, கேள். ‘குவார்தி’, ‘குவார்தா’வும் அப்படியே: பாருங்கள், பார். முன்பின் தெரியாத பெரியவரிடம் ‘சென்த்தி’ என்று ஆரம்பித்தால் அவர் முகம் மாறும்.

[திரை: தோளைக் குலுக்கி, கீழுதட்டைப் பிதுக்கும் ஒருவர்.]

அப்புறம் ‘போ’. போண்டாவில் வரும் ‘போ’. தோளைக் குலுக்கிக்கொண்டே, ‘யாருக்குத் தெரியும்!’ என்பது. வீட்டில், நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வேலைக்கான நேர்காணலிலோ போலீஸ்காரரிடமோ சொல்லாதீர்கள். அங்கே ‘நொன் சப்ரேய்’ என்று சொன்னால் போதும்: எனக்குச் சரியாகத் தெரியவில்லைங்க.