மைனஸ் போட்டு ஒரு ‘ஒஸ்ஸி’

[திரையில்: ஒரு வேலை விண்ணப்பம். ஓரத்தில் பேனாக் கிறுக்கல்.]

இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், கணக்காளர் வேலைக்கு ஒரு பெண் அனுப்பிய விண்ணப்பம். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அலுவலகத்தில் யாரோ கிறுக்கியதும் கூடவே வந்துவிட்டது: ஒரு மைனஸ் குறி, பக்கத்தில் ‘ஒஸ்ஸி’.

1990-இல் ஒன்றாக இணையும் வரை கிழக்கு, மேற்கு என்று ஜெர்மனி இரண்டு நாடுகள். ஒஸ்ஸி என்றால் கிழக்கு ஜெர்மனிக்காரர். சிலர் வாயில் செல்லப்பெயர், சிலர் வாயில் வசவு. மேற்கத்தியர் ‘வெஸ்ஸி’. அந்தப் பெண் மேற்கே குடிவந்தது 1988-இல், பெர்லின் சுவர் விழுவதற்கும் முன்னால். இருபது வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை.

சரி, இது எங்கே ஆரம்பித்தது?

[பழைய படம்: 1989, லைப்சிக் தெருக்கள்]

கிழக்கின் ஆட்சியை எதிர்த்து லைப்சிக்கில் ஊர்வலம் போனவர்கள் முதலில் முழங்கியது, “நாங்கள்தான் மக்கள்!” நவம்பர் 9-இல் சுவர் திறந்தது. முழக்கமும் மாறியது: “நாம் ஒரே மக்கள்!” இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 ஜூலை 1 அன்று மேற்கின் நாணயமான மார்க் கிழக்குக்கும் வந்தது. சம்பளத்தைக் கிழக்கு மார்க் ஒன்றுக்கு மேற்கு மார்க் ஒன்று என்று மாற்றினார்கள். ஜனங்களுக்குக் கொண்டாட்டம், ஆலைகளுக்குச் சாவுமணி. அந்தக் கூலிக்குக் கட்டுபடியாகவில்லை. உள்ளூர்ச் சரக்கை உள்ளூர்க்காரரே சீந்தவில்லை. ட்ரொய்ஹாண்ட் என்ற அரசு அமைப்பின் கையில் சுமார் 8,500 நிறுவனங்கள், 40 லட்சம் தொழிலாளர்கள். விற்றது போக மீதியை மூடினார்கள். 1994-இல் அந்த அமைப்பும் கடையைக் கட்டியது.

வேலை போனவர்கள் கிழக்கத்தியர்கள். மேலதிகாரிகளாக வந்து உட்கார்ந்தவர்களில் பலர் மேற்கத்தியர்கள். கிழக்கே வந்து வேலை பார்க்கும் அரசு ஊழியருக்குத் தனிப் படி வேறு. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘புதர்க்காட்டுப் படி’! எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவர் ‘பெஸ்ஸர்வெஸ்ஸி’. 1991-இன் ஜெர்மன் ஆண்டுச் சொல்லே அதுதான். பதிலுக்கு மேற்கு சொன்னது ‘யம்மர்ஒஸ்ஸி’, அதாவது புலம்பல் பார்ட்டி.

நம் ஊர் ‘ஓசி’ ஞாபகம் வருகிறதா? மேற்கின் குறையும் ஏறக்குறைய அதுதான்: நம் வரிப்பணத்தில் ஓசியில் வாழ்கிறார்கள் என்று. ஒருமைப்பாட்டு வரி என்று 1991-இல் கொண்டுவந்ததைக் கிழக்கத்தியரும் சேர்ந்துதான் கட்டினார்கள். இது பலருக்குத் தெரியவே தெரியாது.

வாயைத் திறந்தாலே ஊர் தெரிந்துவிடும். சுட்ட கோழி கிழக்கில் ‘பிராய்லர்’. ஆமாம், நம் கறிக்கடையில் கேட்கும் அதே சொல். மேற்கில் அப்படிக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும்.

[திரையில்: ஹாலே நகரம், 2021 அக்டோபர் 3]

16 வருஷம் ஆட்சித் தலைவராக இருந்த அங்கெலா மெர்கலையே இது விடவில்லை. கிழக்கில் வளர்ந்தவர். அவர் கட்சிக்கு நெருக்கமான அறக்கட்டளை ஒன்று வெளியிட்ட கட்டுரை, கிழக்கு வாழ்க்கை என்ற ‘பாலஸ்ட்’டோடு அவர் கட்சிக்கு வந்ததாக எழுதியது. கப்பல் ஆடாமல் இருக்க அடியில் போடுவார்களே, அந்தப் பாரம். பதவியை விடப்போகும் நேரத்தில், இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த நாளின் விழா மேடையில், மெர்கல் அகராதிப் பொருளையே வாசித்துக் காட்டினார்: மதிப்புக் குறைந்த சரக்கு, உபயோகமில்லாத சுமை. அதுவரை தன் சொந்தக் கதையை அவர் மேடையில் இப்படிப் பேசியது அபூர்வம்.

[மறுபடி அந்த விண்ணப்பம்]

அந்தப் பெண் வழக்குப் போட்டார். இனத்தைக் காட்டி வேலை மறுப்பது ஜெர்மன் சட்டப்படி தவறு. 2010 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது: ‘ஒஸ்ஸி’ என்பதை மட்டம் தட்டும் நோக்கில் எழுதியிருக்கலாம். ஆனால் கிழக்கத்தியர் தனி இனம் அல்லவே.

லைப்சிக்கில் முழங்கிய அந்த வரியைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்.