சிகாகோ பேர்ஸ்: கோபத்துக்கு ஒரு கணக்கு உண்டு

வணக்கம் நேயர்களே.

2024 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் "அணியை விற்றுவிடு" என்று ஒரு முழக்கம் எழுந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, டிசம்பர் குளிரில் வந்து உட்கார்ந்திருந்த சொந்த ஊர்க்காரர்களே போட்ட முழக்கம் அது. அன்று சியாட்டில் அணியிடம் அமெரிக்கக் கால்பந்து அணியான சிகாகோ பேர்ஸ் 6-3 என்று தோற்றது. தொடர்ச்சியாகப் பத்தாவது தோல்வி.

தோற்கிற அணியின் ரசிகர்கள் கத்துவது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் சிகாகோ ரசிகர்களின் கோபத்தில் தேதியும் எண்ணும் இருக்கின்றன. அவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கையில். அதை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது சில நொடிகளில் முடிவாக வேண்டும். அவருக்கு அரணாக முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். அந்த அரண் உடைந்து, எறிவதற்கு முன்பே எதிரணி அவரைப் பிடித்துச் சாய்த்தால் அதற்கு 'சாக்' என்று பெயர்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சிறிய ஸ்பீக்கர் இருக்கிறது. ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. பயிற்சியாளர் அந்த ஸ்பீக்கர் வழியாக என்ன ஆட்டம் ஆடுவது என்று சொல்வார். கடிகாரம் 15 விநாடியைத் தொட்டதும் இணைப்பு துண்டிக்கப்படும். அதன்பின் குவார்ட்டர்பேக் தனி ஆள். அழைப்பு சீக்கிரம் வந்தால் எதிரணி எப்படி நிற்கிறது, எவன் பாய்ந்து வருவான், எந்தத் தடுப்பாளர் எவனைப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் பார்த்துத் திருத்த நேரம் இருக்கும். தாமதமாக வந்தால், கடைசி விநாடியில் அவசர அவசரமாகப் பந்தை வாங்கி, பார்க்காமலே ஆட வேண்டியதுதான். தொலைக்காட்சியில் 'குவார்ட்டர்பேக் தடுமாறுகிறார்' என்று தெரிகிற காட்சிகளில் பல, களத்துக்கு வெளியே நின்றவரின் தாமதத்தில் தொடங்கியவை.

இனி சிகாகோவின் கணக்கு.

இந்த அணி 1920-இல் தொடங்கியது. இன்றும் நிறுவனர் ஜார்ஜ் ஹாலஸின் குடும்பத்திடம்தான் இருக்கிறது. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைக் கடைசியாக வென்றது 1985 பருவத்தில். இந்த லீக்கின் 32 அணிகளில், ஒரே பருவத்தில் 4,000 கஜம் எறிந்த குவார்ட்டர்பேக் ஒருவர்கூட இல்லாத அணி இது ஒன்றுதான்.

அந்தக் குறையைத் தீர்க்க அவர்கள் செய்த முயற்சிகளைப் பாருங்கள். 2017 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சிகாகோவுக்கு மூன்றாவது இடம் இருந்தது. ஒரே ஒரு படி மேலே ஏறி இரண்டாவது இடத்தைப் பிடிக்க, தன் மூன்றாவது இடத்தோடு 67-ஆவது, 111-ஆவது தேர்வுகளையும் அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. எடுத்தது மிட்ச் ட்ருபிஸ்கியை. கல்லூரியில் 13 ஆட்டங்களை மட்டுமே தொடங்கியிருந்தவர் அவர். அதே டிராஃப்டில் பத்தாவது இடத்தில் போனவர், பின்னாளில் சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். சிகாகோவில் எந்தத் தேநீர் மேசையிலும் இந்தப் பேச்சு வராமல் போகாது.

ஆனால் யாரை எடுத்தார்கள் என்பதைவிட, எப்போது எடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ட்ருபிஸ்கி வந்தபோது தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ், பதவியின் கடைசி ஆண்டில் இருந்தார். ஒரே பருவம், ஃபாக்ஸ் போனார், மேட் நேகி வந்தார், ஆட்டமுறை முழுவதும் மாறியது. 2021-இல் பதினொன்றாவது இடத்துக்கு ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார்கள். அப்போது நேகியின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. ஒரே பருவம், நேகி போனார், மேட் எபர்ஃப்ளூஸ் வந்தார். 2024-இல் முதல் தேர்வாகக் கேலப் வில்லியம்ஸ். அவருக்கு ஒரே பயிற்சியாளரிடம் ஒரு முழுப் பருவம்கூடக் கிடைக்கவில்லை. எபர்ஃப்ளூஸ் நவம்பரிலேயே நீக்கப்பட்டார்.

மூன்று இளைஞர்கள், மூன்று முறையும் போகப்போகிற பயிற்சியாளரின் கையில் பிள்ளையைக் கொடுத்த கதை.

இதனால் என்ன கெடுகிறது? புதிய பயிற்சியாளர் என்றால் புதிய மொழி என்று பொருள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெயர், ஒவ்வொரு தடுப்பு முறைக்கும் குறிச்சொல், எறிவதற்கு முன் எத்தனை அடி பின்வாங்க வேண்டும் என்ற கால்கணக்கு, எல்லாம் மாறும். முதல் சுற்றில் எடுத்தவருக்கு ஒப்பந்தம் நான்கு ஆண்டு. ஐந்தாம் ஆண்டு வேண்டுமா என்று மூன்றாவது பருவம் முடிந்ததுமே அணி முடிவுசெய்ய வேண்டும். அந்த மூன்றில் ஒன்றைப் பழைய மொழிக்கும், இன்னொன்றைப் புதிய மொழி கற்பதற்கும் கொடுத்துவிட்டால், ஆளை எடைபோட மிச்சமிருப்பது ஒரே ஆண்டு. ட்ருபிஸ்கிக்கு ஐந்தாம் ஆண்டு கொடுக்கப்படவில்லை. ஃபீல்ட்ஸை 2024 மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள், நிபந்தனையோடு கூடிய ஒரு ஆறாம் சுற்றுத் தேர்வுக்கு.

ஃபீல்ட்ஸின் முதல் தொடக்க ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 2021 செப்டம்பர் 26, கிளீவ்லாந்து. கோடைப் பயிற்சி முழுவதும் முதல் அணியோடு பயிற்சி பெற்றவர் ஆண்டி டால்டன். ஃபீல்ட்ஸ் இரண்டாம் வரிசையோடு. டால்டனுக்குக் காயம் ஏற்பட்டதும் ஒரு வார அவகாசத்தில் இளைஞரை இறக்கினார்கள். எதிரே மைல்ஸ் காரெட் போன்ற ஒரு பாயும் வீரர். அப்படிப்பட்டவருக்கு எதிரே வழக்கமாக என்ன செய்வார்கள்? ஓரத்தில் இன்னொரு தடுப்பாளரைக் கூடுதலாக நிறுத்துவார்கள். குவார்ட்டர்பேக்கைப் பக்கவாட்டில் ஓடவிட்டு எறியச் செய்வார்கள். ஒன்றரை விநாடியில் பந்து கையை விட்டுப் போகும் குறுகிய எறிதல்களை அழைப்பார்கள். ஓட்டத்தில் வேகமான ஃபீல்ட்ஸுக்கு இவை பொருந்தியிருக்கும். அன்று இவை மிகக் குறைவாகவே வந்தன. அவரை நின்ற இடத்திலேயே நிற்கவைத்தார்கள். விளைவு: 9 சாக். சாய்க்கப்பட்டதில் இழந்த தூரத்தைக் கழித்தால், எறிந்து கிடைத்தது மொத்தம் 1 கஜம். ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு கஜம். இந்த எண்ணுக்கு ஃபீல்ட்ஸ் பொறுப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

சாக் யாருடைய தவறு என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். பந்து பின்னால் வந்த கணத்திலிருந்து 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று நிதானமாக எண்ணுங்கள். இரண்டரை எண்ணுவதற்குள் சாய்த்துவிட்டால், தடுப்பு வரிசையிலோ அதை ஏற்பாடு செய்ததிலோ பிழை. மூன்றரையைத் தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால் குவார்ட்டர்பேக் தயங்குகிறார், அல்லது ஓடிப்போன யாரும் விடுபடவில்லை. நடுவில் விழுவதில் இருதரப்புக்கும் பங்கு உண்டு. நியாயமாகச் சொன்னால் வில்லியம்ஸிடமும் பந்தை அதிக நேரம் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. 2024-இல் அவர் 68 முறை சாய்க்கப்பட்டார். அத்தனையையும் ஐந்து தடுப்பாளர்கள் தலையில் கட்டக் கூடாது.

சரி, அந்த 2024-க்கு வருவோம். 4 வெற்றி, 2 தோல்வி என்று நன்றாகத்தான் தொடங்கினார்கள். அக்டோபர் 27, வாஷிங்டனில். இறுதிக் காலாட்டத்தில் எதிரணியின் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் நின்றபோது, தாக்குதல் பயிற்சியாளர் ஷேன் வால்ட்ரன் பந்தை ஒரு மாற்றுத் தடுப்பாளரிடம் கொடுக்கும் வேடிக்கை ஆட்டத்தை அழைத்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகாதவர் அவர், நழுவவிட்டார். அப்படியும் கடைசி நிமிடத்தில் 15-12 என்று சிகாகோ முன்னேறியது. ஆட்டம் முடிய சில விநாடிகள் இருக்கையில், கோட்டோரத்தைத் திறந்துவைத்து வாஷிங்டனுக்கு 13 கஜத்தை எளிதாகக் கொடுத்தார்கள். அந்த 13 கஜம்தான் அடுத்த எறிதலை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் 52 கஜம் எறிந்தார். ஆட்டம் தொடங்கிய கணத்தில் சிகாகோவின் டைரீக் ஸ்டீவன்சன் பார்வையாளர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓடிவந்து தட்டிய பந்து பின்னால் நின்ற வாஷிங்டனின் நோவா பிரவுன் கையில் விழுந்தது. 18-15.

நவம்பர் 17, சொந்த அரங்கில் கிரீன்பே அணியோடு. ஒரு புள்ளி பின்னடைவு, 20-19. எதிரணியின் 30-ஆவது கஜக் கோட்டில் பந்து, அரை நிமிடத்துக்குச் சற்று மேல் நேரம், கையில் ஒரு டைம்-அவுட், அதாவது கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு. ஒருமுறை ஓடி 2 கஜம் எடுத்துவிட்டு, கடிகாரத்தை ஓடவிட்டு, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்க வந்தார்கள். உதையின் தூரத்தை அறிய, பந்து இருக்கும் இடத்தோடு 18 கஜம் கூட்டிக்கொள்ளுங்கள்: 28-உம் 18-உம் 46. தூரம் கூடக் கூட உதைப்பவர் பந்தைத் தாழ்வாக அனுப்ப வேண்டியிருக்கும். தாழ்ந்து போகிற பந்தைக் கைநீட்டித் தடுப்பது எளிது. தடுத்துவிட்டார்கள். இன்னும் எட்டுப் பத்துக் கஜம் நெருங்க நேரம் இருந்தது என்பதுதான் ரசிகர்களின் வயிற்றெரிச்சல். அது நியாயமான எரிச்சல்.

பதினொரு நாள் கழித்து நன்றி நவிலும் திருநாள், டெட்ராய்ட். 23-20 என்று பின்னால் இருந்தார்கள். ஒரு உதை போட்டால் சமன். வில்லியம்ஸ் சாய்க்கப்பட்டு பந்து 41-ஆவது கஜத்துக்குப் பின்வாங்கியபோது 30 விநாடிக்கு மேல் மிச்சம், ஒரு டைம்-அவுட்டும் மிச்சம். எபர்ஃப்ளூஸ் டைம்-அவுட்டை எடுக்கவில்லை. 18 விநாடி அளவில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கி, உள்ளுக்குள் எறிந்து நெருங்கி, பிறகு நேரத்தை நிறுத்தி உதைப்பது திட்டம் என்று பின்னர் விளக்கினார். காகிதத்தில் இது சரி. களத்தில், இப்போதுதான் கீழே விழுந்து எழுந்த முதலாண்டு இளைஞர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஆட்டத்தை மாற்றி, பந்தை வாங்கும்போது 6 விநாடிதான் இருந்தது. தூர எறிந்தார், யாருக்கும் கிடைக்கவில்லை, ஆட்டம் முடிந்தது. டைம்-அவுட் செலவாகாமலே வீடு திரும்பியது.

நேரத்தை நிறுத்தாததற்காக இளைஞரைக் குறைசொன்னவர்களும் இருந்தார்கள். அவரும் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர் களத்தோரத்தில் இருக்கும்போது, அந்தச் சுமை முதலில் அவருடையது. மறுநாள் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை இந்த அணி நீக்கியது அதன் வரலாற்றில் அதுவே முதல்முறை. வால்ட்ரன் அதற்கு முன்பே, நவம்பர் 12-இல் போய்விட்டிருந்தார். ஒரே பருவத்தில் அந்த இளைஞருக்கு ஆட்டம் அழைத்தவர் மாறினார், தலைவரும் மாறினார்.

ரசிகர்கள் பக்கமும் ஒரு பிழை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் எல்லோருக்கும் பிடித்தவர் மாற்று குவார்ட்டர்பேக்தான் என்று பழைய பேச்சு ஒன்று இருக்கிறது. தோல்வி வந்தால் முதலில் கேட்பது ஆளை மாற்று என்பதைத்தான். தடுப்பு வரிசையை மாற்று என்று யாரும் அரங்கில் முழக்கமிடுவதில்லை. 2018-இல் 12 வெற்றி, 4 தோல்வி என்று வந்தபோது அணியைத் தூக்கி நிறுத்தியது, எதிரணி கையில் பந்து இருக்கும்போது ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். அந்த வெற்றிகளின் நிழலில் தாக்குதலின் ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

2025 ஜனவரியில் டெட்ராய்டின் தாக்குதலை நடத்திய பென் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். அழைப்பவரும் தலைவரும் ஒரே ஆள். மார்ச்சில் தடுப்பு வரிசையின் நடு மூவரையும் மாற்றினார்கள்: நான்கு சூப்பர் பவுல் வென்ற ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், நடுவில் பந்தைப் பின்னால் கொடுக்கும் ட்ரூ டால்மன். குவார்ட்டர்பேக் அதே கேலப் வில்லியம்ஸ். 68 ஆக இருந்த சாக் 24 ஆனது. அணி 11 வெற்றி, 6 தோல்வியோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. வில்லியம்ஸ் 3,942 கஜம் எறிந்து, 1995-இல் எரிக் கிராமர் வைத்த 3,838 என்ற அணிச் சாதனையைத் தாண்டினார்.

நாலாயிரத்துக்கு இன்னும் 58 கஜம் பாக்கி. சிகாகோவில் இப்போது அதைப் பற்றித்தான் சண்டை.

வணக்கம்.