நொய்யல் பாட்டும் நொய்யல் தண்ணியும்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆடி நோம்பியை விடாமல் நடத்திவரும் விழாக்குழுப் பெரியவர்களே, இப்போது கும்மியடித்து இறங்கிய பிள்ளைகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய விவசாயிகள் சங்கத்துத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி.

'ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்' என்று நல்வழியில் ஔவை பாடிவைத்தாள். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

மூன்று செய்திகள் பேச வந்தேன். ஒன்று, ஆறு கெட்டதைப் பாடும் பாட்டு. இரண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பாடிய பஞ்சக் கும்மிகள். மூன்று, மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டும்போது பாடிய பாட்டு.

முதலில் நம் ஆறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, கோவைக் குளங்களை நிரப்பி, திருப்பூர் தாண்டிக் காவிரியில் சேர்கிற நொய்யல். நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், கும்மிப்பாட்டைப் பதிவு செய்ய ஓர் ஆத்தாவிடம் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆற்றை அப்படிப் புகழ்ந்து பாடினார். மணல் தெரியும் தண்ணி, துள்ளும் கெண்டை, குளிக்க இறங்கும் பெண்கள் என்று பாட்டு போய்க்கொண்டே இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பேத்தி கேட்டாள்: "ஆத்தா, இது எந்த ஊரு ஆறு?"

கிழவி நிறுத்திவிட்டார். பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்கள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "இரு கண்ணு, உன்ற ஆத்தைப் பாடறேன்" என்று அதே மெட்டில் எடுத்தார்:

திங்கக்கெழமை செகப்புத் தண்ணி
செவ்வாக்கெழமை பச்சைத் தண்ணி
வெள்ளிக்கெழமை வெளக்கு விட்டேன்
வெளுப்பு மருந்து நாறுதடி

ஏனுங்க, எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி! சாயம் எது, சலவை எது என்று நாலு வரியில் சாட்சி சொல்லிவிட்டார். பாசனத்துக்காக நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத்தண்ணி தேங்கி, அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சினார்கள். 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மறுபடி திறக்க வேண்டுமானால், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. வழக்கும் தீர்ப்பும் கட்டுகளில் கிடக்கும். நிறம் மாறிய தண்ணியில் கால் வைத்தவர்களின் கூச்சம் பாட்டில்தான் இருக்கிறது. அதனால்தான், பழைய பாட்டை மட்டும் போட்டியில் பாடிப் பரிசு வாங்கினால் போதாது என்கிறேன். இன்றைய ஆற்றையும் பிள்ளைகள் பாட வேண்டும்.

பஞ்சக் கும்மி, கவலைப் பாட்டு இரண்டையும் பற்றி விரிவாகப் பேச ஆசைதான். அவற்றைவிட அவசரமானது ஒன்று இருப்பதால் இன்றைக்கு விட்டுவிடுகிறேன். சாயம் போதாதென்று சாக்கடையும் குப்பையும் இப்போது ஆற்றில் சேர்கின்றன. நம் ஊர்ச் சாக்கடையும் பள்ளத்து வழியாக அங்கேதான் இறங்குகிறது. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றாள் ஔவை. ஆறு இருந்தும் பாழாக நாம் விடலாமா?

தலைவர் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில், சாக்கடை ஆற்றில் கலப்பதைத் தடுக்க ஒரு தீர்மானம் வேண்டும். மனு எழுதியாயிற்று. மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன்னால் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே இருக்கிறது.